தறியை வரைந்து பேசுவோம்

நமது சங்கக் கூட்டங்களில் "குறை எங்கே?" என்று வினவினால் பெரும்பாலும் மௌனமே விடையாகக் கிடைப்பதை அங்கத்தினர் அறிவர். குறையைச் சொன்னால் எதிரே அமர்ந்திருப்பவரைக் குற்றஞ்சாட்டுவதாகிவிடுமே என்னும் தயக்கமே காரணம். பேசப்படாத குறையோ விலைபோகாத துணியாகக் கிடங்கில் தேங்குகிறது, கூலியையும் தாமதப்படுத்துகிறது.

இத்தயக்கத்தை நீக்க எளிய முறை ஒன்று உண்டு. லூக் ஹோமன் என்பார் 2006-இல் வெளியிட்ட ஆங்கில நூலில் அதனை விவரித்துள்ளார். விசைப்படகு ஒன்றை வரைந்து, அதன் வேகத்தைத் தடுப்பவற்றை நங்கூரங்களாகக் குறிக்கச் செய்வது அம்முறை. வாடிக்கையாளரின் குறைகளை அறிய எழுந்த இதனைப் பணிக்குழுக்கள் தம்மைத் தாமே ஆராயவும் கைக்கொண்டன. உந்தும் காற்றும், எதிர்ப்படும் பாறையும், சேரவேண்டிய தீவும் படத்தில் இடம்பெற்றன.

நமக்குப் படகு எதற்கு? நெசவாளர் தறியை வரையலாம். பாவு நமது மூலதனமும் நூலிருப்பும். ஊடை அன்றாட உழைப்பு. அறுந்த இழை தடைப்பட்ட காரியம். பயிரிடுவோர் ஏரி, மதகு, வாய்க்கால், வயல் என வரைந்து, நீர் எங்கே வீணாகிறதெனக் காட்டலாம். எழுத்தறியாதவரும் கூசாது விரல் வைப்பார். விரல் படுவது படத்தின்மேல், மனிதர்மேல் அன்று.

ஆயினும் படம் கணக்கேட்டுக்கு ஈடாகாது. ஒவ்வோர் அறுந்த இழைக்கும், அதனைப் பிணைக்கப் பொறுப்பேற்றவர் பெயரும் கெடுநாளும் தீர்மானப் புத்தகத்தில் ஏறவேண்டும். அடுத்த கூட்டத்தில் அதே படத்தை விரித்துச் சரிபார்த்தல் வேண்டும். இன்றேல் அது சுவரை அலங்கரிக்கும் சித்திரமாகவே நின்றுவிடும்.