நிழலில் நிற்கும் நேரத்துக்கும் கூலி

தூத்துக்குடி உப்பளங்களில் வேலை விடியுமுன்னே தொடங்கிவிடும். உப்பைப் பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டும் பெண்கள், வெயில் ஏறுவதற்குள் எத்தனை நடை போட முடியுமோ அத்தனையும் போட்டுவிடப் பார்ப்பார்கள். பாத்தியில் இறங்கி உப்பு வாரும் ஆண்களுக்கும் அதே அவசரம்தான். பத்து மணிக்குமேல் அளத்தில் நிற்பது எளிதல்ல. மேலேயிருந்து அடிக்கும் வெயிலுக்குத் தலையில் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். வெள்ளை வெளேரென்று கிடக்கும் உப்பில் பட்டு முகத்துக்கே திரும்பிவரும் வெயிலுக்கு எதைச் சுற்றிக்கொள்வது? ஒதுங்கி நிற்க அளத்துக்குள் ஒரு மரம் கிடையாது. ராஜம் கிருஷ்ணன் இந்த மக்களைப் பற்றிக் ‘கரிப்பு மணிகள்’ நாவலை எழுதி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. கண்கூச்சமும் காலில் உப்புநீர் அரித்த புண்ணும் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன.

நல்ல உப்பு விளைய நல்ல வெயில் வேண்டும். உடம்பைச் சாய்க்கும் வெயில்தான் வீட்டில் உலையும் ஏற்றுகிறது. அதனால் உப்பளத் தொழிலாளிக்கு மழையென்றால்தான் பயம். மழை மாதங்களில் வேலை நின்றுபோவதால் அந்தக் குடும்பங்களுக்குத் தமிழக அரசு சில ஆண்டுகளாக 5,000 ரூபாய் நிவாரணம் கொடுத்துவருகிறது. நல்ல காரியம். ஆனால் வேலை இருக்கும் மாதங்களில் அந்த வேலை உடம்பிலிருந்து எடுத்துக்கொள்வதை யார் ஈடுகட்டுவது?

ஒவ்வொரு ஏப்ரலிலும் அறிவிப்புகள் வருகின்றன. பகல் 12 மணியிலிருந்து 3 மணிவரை வெளியே போகாதீர்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், பருத்தி ஆடை அணியுங்கள். எல்லாமே சரியான அறிவுரைகள்தான். ஆனால் வெளியே போவதா வேண்டாமா என்று தானே முடிவு செய்துகொள்ளக்கூடியவருக்கு மட்டுமே அவை பயன்படும். செங்கல் சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. உணவு கொண்டுவரும் இளைஞருக்கு ஒரு டெலிவரிக்கு இவ்வளவு. மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு ஊர்விட்டு வந்தவருக்கு அந்தக் கடன் கழிய வேண்டும். இவர்களில் யாரிடமும் போய் மூன்று மணிநேரம் நிழலில் இருங்கள் என்றால், மூன்று மணிநேரக் கூலியை விட்டுவிடுங்கள் என்றுதான் பொருள். வெயிலை வானிலைச் செய்தியாக மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம். உழைக்கிறவருக்கு அது கூலிப் பிரச்சினை.

உடம்பின் கணக்கைப் பார்த்தாலும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்வோம். நம் உள்சூடு ஏறக்குறைய 37 டிகிரி செல்சியஸ். அது 40ஐத் தாண்டினால் மூளை, கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் ஆபத்தில். சூடு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. உழைக்கும் தசையும் சூட்டை உண்டாக்குகிறது. சுமை தூக்குகிறவர் செலவிடும் சக்தியில் பெரும்பகுதி சூடாகத்தான் மாறுகிறது. ஆகவே ஒரே தெருவில், ஒரே மதியத்தில், திண்ணையில் உட்கார்ந்திருப்பவரும் செங்கல் சுமந்து மாடியேறுபவரும் தாங்குகிற வெப்பம் வேறுவேறு. செய்தியில் சொல்லும் 39 டிகிரி, 40 டிகிரி என்பது நிழலில் வைத்த வெப்பமானி காட்டும் அளவு. அந்த நிழலில் தொழிலாளி இல்லை.

இந்தச் சூட்டை வெளியேற்ற உடம்புக்கு இருக்கும் பெரிய வழி வேர்வை. அது வழிந்து தரையில் விழுந்தால் பயனில்லை. தோலில் இருந்தபடியே ஆவியாக வேண்டும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் வேர்வை ஆவியாகாது. வேலூர், கரூர்ப் பக்கத்து 41 டிகிரியை விடக் கடலோரத்து 37 டிகிரி சில நாள் கொடுமையாக இருப்பது இதனால்தான். வானிலைத் துறையும் வெப்ப அலையை அறிவிக்கச் சமவெளிக்கு 40, கடலோரத்துக்கு 37 என்று வேறுவேறு அளவு வைத்திருக்கிறது. வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்துச் சொல்ல, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலை என்றோர் அளவு உண்டு. அது 35 டிகிரியைத் தொட்டால், நல்ல ஆரோக்கியமான மனிதரும் நிழலில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் சில மணிநேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்று 2010இல் ஷெர்வுட், ஹூபர் என்ற இரு விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். பிறகு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளவயதினரை வைத்துச் சோதித்தபோது, ஈரமான காற்றில் 31 டிகிரியை ஒட்டியே உடம்பு கட்டுப்பாட்டை இழப்பது தெரிந்தது. அவர்கள் செய்தது மிக லேசான வேலை. உப்புப் பெட்டி சுமக்கவில்லை.

உடம்பு வெயிலுக்குப் பழகும் என்பது உண்மைதான். அதற்கு ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். வேர்வை சீக்கிரம் சுரக்கத் தொடங்கும், அதில் உப்பு குறையும், இதயத் துடிப்பு நிதானப்படும். அந்த இரண்டு வாரத்துக்குள்தான் பெரிய ஆபத்து. வேலையிடத்தில் வெப்பத்தால் இறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் முதல் நாளிலேயே இறந்தவர்கள் என்கிறது அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ இரண்டு நாள் ரயிலில் நின்றுகொண்டு வந்து, இறங்கிய மறுநாளே சென்னையில் கான்கிரீட் போடும் வேலைக்கு நிறுத்தப்படும் இளைஞரை நினைத்துப் பாருங்கள். முதல் நாள் கால்வாசி, மறுநாள் அரைவாசி என்று வேலையைக் கூட்டிக்கொண்டு போனால் போதும், அந்த ஆபத்து பெருமளவு குறையும். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

ஹீட் ஸ்ட்ரோக் பளிச்சென்று தெரியும் ஆபத்து. பேச்சு குழறும், ஆள் தடுமாறுவார், சிலருக்கு வேர்வையே நின்றுபோகும், வலிப்பு வரலாம். குடித்திருக்கிறான் என்று விலகிப்போகிறவர்களும் உண்டு. அந்த நிமிடம் செய்ய வேண்டியது, 108க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் உடம்பைக் குளிரவைப்பது. நிழலுக்குத் தூக்கிப்போய்த் துணியைத் தளர்த்தி, தலைமுதல் கால்வரை தண்ணீரைக் கொட்டி விசிற வேண்டும். தொட்டியில் தண்ணீர் இருந்தால் தலை வெளியே இருக்கும்படி பிடித்துக்கொண்டு உடம்பை அதில் அமிழ்த்தலாம். அரைமணிக்குள் சூடு இறங்கினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றக் கூடாது.

அதைவிட எனக்குப் பயம் தருவது சத்தமில்லாமல் நடக்கும் சேதம். வெயிலில் உழைக்கும்போது ரத்தம் தோலுக்கும் தசைக்கும் போய்விடுகிறது. சிறுநீரகத்துக்குக் கிடைப்பது குறைகிறது. உடம்பில் நீர் வற்றி, மறுபடி நிறைந்து, மறுநாள் மறுபடி வற்றுகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படியே போனால் சிறுநீரகம் நிரந்தரமாகப் பழுதாகலாம். எல் சால்வடார், நிகராகுவா நாடுகளின் கரும்புத் தோட்டங்களில் சர்க்கரை நோயும் ரத்தக்கொதிப்பும் இல்லாத இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் சிறுநீரகம் செயலிழந்து செத்தபிறகுதான் உலகம் இதைக் கவனித்தது. இங்கே சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழகத்தின் ஏழு உப்பளங்களில் 350 பேருக்கு மேல் ஆராய்ந்தார்கள். பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். நூற்றில் ஏழு பேர் அளவுக்குச் சிறுநீரகத்தின் செயல்திறன் குறைந்திருந்தது.

தண்ணீர் குடித்தால் தீராதா? தீரும், குடிக்க முடிந்தால். அளத்தில் குடிநீர் கிடையாது. வீட்டிலிருந்து கொண்டுபோகும் கேன் பத்து மணிக்கே சுடுநீராகிவிடும். பெண்களுக்கு அதைவிடப் பெரிய தடை கழிப்பறை. வெட்டவெளியில், மறைவுக்கு ஒரு புதர்கூட இல்லாத இடத்தில், எட்டு மணிநேரம் வேலை. ஆகவே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று, சிறுநீரகக் கல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. பெண்ணின் சிறுநீரகத்தைக் காப்பாற்ற மருந்துக்கு முன்னால் நான்கு சுவரும் ஒரு கதவும் தண்ணீரும் வேண்டும். இதே குழு 2017இல் தொடங்கி 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2024இல் வெளியிட்ட ஆய்வு, கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து இருமடங்கு என்று சொல்கிறது. களையெடுக்கவும் சூளைக்கும் கட்டடத்துக்கும் போகிற கர்ப்பிணிகள் எத்தனை லட்சம் என்று எண்ணிப் பார்த்தால் மனம் பதறுகிறது.

வேலை முடிந்தால் விட்டதா என்றால், வீடு இருக்கிறது. பகல் முழுக்கச் சூட்டை வாங்கிய ஆஸ்பெஸ்டாஸ் கூரை, தகரக் கொட்டகை, ஜன்னல் ஒன்றே உள்ள பத்துக்குப் பத்து அறை. ராத்திரி பதினொரு மணிக்கும் சுவர் சுடும். உடம்பு பகலில் பட்ட பாட்டைச் சரிசெய்துகொள்வது இரவில்தான். அந்த இரவும் சுட்டால் மறுநாள் வேலைக்குப் போகும் உடம்பு பாதி தோற்ற உடம்பு. கூரைக்கு வெள்ளை அடித்தாலே உள்ளே சில டிகிரி குறையும். சுண்ணாம்பு பூசிய மொட்டைமாடி நம் ஊரில் புதிதல்ல. அகமதாபாத் குடிசைப் பகுதிகளில் இதைச் செய்தார்கள். தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது.

வெயிலுக்கு எத்தனை பேர் சாகிறார்கள் என்பதை நம்மால் சரியாகச் சொல்ல முடியாததற்குக் காரணம் இருக்கிறது. மேஸ்திரி மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் மாரடைப்பு என்று எழுதப்படும். 2010 மே மாதம் அகமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. பிறகு ஆய்வாளர்கள், வெப்பத்தால் இறந்ததாகப் பதிவானவர்களை விட்டுவிட்டு, அந்த மாதம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இறந்தவர்களை எண்ணினார்கள். 1,344 பேர். அந்த எண்தான் அந்த நகரத்தை உலுக்கி, 2013இல் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தைக் கொண்டுவந்தது. தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உண்டு. இது முக்கியமான அடி. ஆனால் அந்தப் பணம் கைக்கு வர, சாவு வெயிலால் வந்தது என்று நிரூபிக்க வேண்டும். விழுந்தவரின் உள்சூட்டை முதல் அரைமணியில் யாராவது அளந்து எழுதியிருந்தால் ஒழிய எந்த ஏழை விதவையால் அதை நிரூபிக்க முடியும்? கோடையில் இறந்துபோகும் தொழிலாளிகள் விஷயத்தில் இதைக் கட்டாயப் பதிவாக்க வேண்டும்.

செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். கேரளத்தில் கோடைதோறும் தொழிலாளர் ஆணையர் உத்தரவு போடுகிறார். வெட்டவெளியில் வேலை செய்வோருக்குப் பகல் 12 முதல் 3 வரை ஓய்வு. நம் ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வேலைக்குப் போகும் கத்தாரில், பல ஆண்டுக் கண்டனத்துக்குப் பிறகு 2021இல் சட்டம் கடுமையானது. ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து மாலை 3.30 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது. வெப்பம், ஈரம், வெயில் மூன்றையும் சேர்த்த அளவு 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும். நிகராகுவாவின் ஒரு பெரிய சர்க்கரை ஆலை, வெட்டுகிற இடத்துக்கே நகரும் பந்தலைக் கொண்டுபோய், மணிக்கொரு தரம் ஓய்வும் தண்ணீரும் கொடுத்தது. சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. அகமதாபாத்தின் ‘சேவா’ பெண்கள் சங்கம் 2024இல் மூன்று மாநிலங்களில் 50,000 உறுப்பினர்களுக்கு வெப்பக் காப்பீடு எடுத்தது. வெப்பம் 40ஐத் தாண்டியதும் ஒவ்வொருவருக்கும் 400 ரூபாய் போனது. ஒரு நாள் வீட்டில் இருக்க அது உதவும். கோடை முழுதும் உதவாது.

ஆகவே கேட்க வேண்டியது ஓய்வு நேரத்தை மட்டும் அல்ல, கூலியுடன் கூடிய ஓய்வு நேரத்தை. துணிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காக 2021இல் சட்டம் திருத்திய மாநிலம் இது. நாள் முழுக்க நின்றே வேலை செய்வது கொடுமை என்று அன்று ஒப்புக்கொண்ட அரசுக்கு, வெயிலில் நிற்பது அதைவிடக் கொடுமை என்று விளக்கத் தேவையில்லை. வேலையிடத்தில் வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்து அளக்கும் கருவி, அளவு மீறினால் நிறுத்தம், நிறுத்தத்துக்கும் கூலி, பந்தல், குடிநீர், பெண்களுக்குக் கழிப்பறை. இவற்றை உப்பளத்துக்கும் சூளைக்கும் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கி ஒரு சட்டம் வர வேண்டும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் கூரைக்குக் கீழே வேலை செய்பவருக்குக் காற்றோட்டமும் தாங்கும் வெப்பமும் இருக்க வேண்டும் என்று அப்போதே சொல்லியிருக்கிறது. கூரையே இல்லாதவருக்கு என்ன சொல்லப் போகிறோம்?

சட்டம் வரும்வரை நம் கையில் இருப்பதைச் செய்யலாம். உங்கள் வீட்டில் கட்டட வேலை நடக்கிறதென்றால், ஏப்ரல், மே மாதங்களில் காலை ஆறு மணிக்குத் தொடங்கி, பதினொன்றரைக்கு நிறுத்தி, மூன்றரைக்கு மேல் தொடரச் சொல்லி மேஸ்திரியிடம் பேசுங்கள். சம்பளத்தைக் குறைக்காதீர்கள். சித்தாள் பெண்ணுக்கு உங்கள் கழிப்பறையைத் திறந்துவிடுங்கள்.