கண்ணளவை நோட்டில் ஏற்றுங்கள்!

எங்கள் காலனியில் பலகாரத் தட்டு ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போனால், பின்னாலேயே "எப்படிச் செஞ்சீங்க?" என்ற கேள்வியும் வந்துவிடும். கிறிஸ்துமசுக்கு கேக் தந்த எதிர்வீட்டு அக்காவிடம், குக்கரில் கேக் செய்யக் கற்றுக்கொண்டேன். தண்ணீர் ஊற்றாமல் அடியில் உப்பைப் பரப்பி, மூடியில் கேஸ்கட், வெயிட் இரண்டையும் எடுத்துவிட வேண்டும்.

பதிலுக்கு அவர் கேட்டது தீபாவளி அதிரசம். அதில் கைதேர்ந்தவர் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. அளவு கேட்டால், "எல்லாம் கண்ணளவுதாம்மா" என்று சிரிப்பார். அதனால் அவர் செய்யும்போது கூடவே உட்கார்ந்து, அள்ளிப் போட்டதை எல்லாம் தராசில் நிறுத்து எழுதினேன். பச்சரிசி 1 கிலோ, வெல்லம் 750 கிராம், ஏலக்காய், சுக்கு. ஊறிய அரிசியை நிழலில் உலர்த்தி, லேசாக ஈரம் இருக்கும்போதே இடிக்க வேண்டும். பாகைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் உருட்ட வர வேண்டும்.

போன வருடம் பெரியம்மா தவறிவிட்டார். தீபாவளிக்கு முன்னால் வெளியூரில் இருக்கும் அவர் மகள் போன் செய்து, "அம்மா கைப்பக்குவம் அம்மாவோடயே போயிடுச்சேக்கா" என்று அழுதாள். நோட்டை எடுத்து வரி வரியாகப் படித்தேன். நாலாம் நாள், "அம்மா சுட்ட மாதிரியே இருக்குக்கா" என்றாள்.

தோழியரே, வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே தராசோடு பக்கத்தில் உட்காருங்கள். எழுதியதை நாலு பேருக்குக் கொடுங்கள். ஒரு வீட்டில் தொலைந்தாலும் இன்னொரு வீட்டில் கிடைக்குமே!

- ஒரு வாசகி, திருச்சி.