வெட்டிய பால்மரம் மீண்டும் சுரப்பது எப்படி?

"மிருகம் சுவாசிக்கும், தாவரம் ஒளிச்சேர்க்கை செய்யும்" என்று எழுதும் மாணவரா நீங்கள்? அது பாதி விடைதான். தாவரம் இரவும் பகலும் சுவாசிக்கிறது. சான்று நம் பேராவிலேயே இருக்கிறது: 1877-இல் கோலகங்சாரில் நட்ட பால்மரம்.

மங்கில் வடிவது வெறும் ரப்பர் இல்லீங்க. பால்குழாய் செல்லின் சைட்டோபிளாசமே வடிகிறது. ஆனால் உட்கருவும் மைட்டோகாண்டிரியாவும் பெரும்பாலும் செல்சுவரை ஒட்டி உள்ளேயே தங்கிவிடும். இழந்ததை மரம் மறுபடி உண்டாக்குவது இவற்றை வைத்துத்தான்.

இலையில் உண்டான சுக்ரோஸ் பட்டைக்கு வந்து பைருவேட்டாக உடைகிறது. மைட்டோகாண்டிரியாவின் உள்ளே கிரெப்ஸ் சுழற்சி நொதிகள் அதிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரிக்கின்றன. உள்சவ்வின் நான்கு புரதத் தொகுதிகள் அவற்றைக் கைமாற்ற, ஏ.டி.பி. சிந்தேஸ் என்ற புரதம் ஏ.டி.பி.யை ஆக்குகிறது. இப்புரதங்களில் பெரும்பாலானவற்றின் மரபணு உட்கருவில் உள்ளது. சிலவற்றின் மரபணு மட்டுமே மைட்டோகாண்டிரியாவின் சொந்த டி.என்.ஏ.வில் உண்டு.

நம் உடலில் இல்லாத ஒரு புரதமும் தாவரத்தில் உண்டு: மாற்று ஆக்சிடேஸ். சயனைடு நான்காம் தொகுதியை முடக்கிவிடும். இந்த மாற்று வழி முடங்காது. பால்மரம், மரவள்ளி இரண்டின் இலையும் நசுங்கினால் சயனைடு வெளிவரும் என்பதை இங்கே நினைவில் வையுங்கள். ஆனால் இவ்வழியில் கிடைக்கும் ஏ.டி.பி. குறைவு; மீதி ஆற்றல் வெப்பமாகப் போய்விடும்.

ஆசிரியர்களே, வகுப்பில் இதைக் கேளுங்கள்: தோட்டத்தில் ஏன் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினார்கள்? சீனி வந்து சேரவும், ஏ.டி.பி. உண்டாகவும், பால் மீண்டும் நிறையவும் மரத்துக்கு நேரம் வேண்டும். ஓயாமல் வெட்டினால் பட்டை பால் வற்றிப்போகும்.