சாயங்கள் காட்டும் தலாமஸ்

குரங்கு, மனிதன் உள்ளிட்ட பிரைமேட்டுகளின் மூளை நடுவே, இடமும் வலமுமாக அமைந்த சாம்பல் நிறத் திரட்சியே தலாமஸ். முகர்வு நீங்கலாக மற்றப் புலன்களின் செய்திகள் இதன் வழியாகவே பெருமூளைப் புறணியைச் சேர்கின்றன. உள்ளே பல நரம்பணுத் திரள்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. அவற்றின் எல்லைகள் வெறுங்கண்ணுக்குச் சரிவரத் தெரியாது. அவற்றைக் காட்டுவது சாயமேற்றம்.

பதப்படுத்தி உறையவைத்த மூளையை மைக்ரோடோம் கருவியில் சுமார் 40 முதல் 50 மைக்ரான் தடிமனுள்ள சீவல்களாக வெட்டுவது வழக்கம். அடுத்தடுத்த சீவல்களுக்கு வெவ்வேறு சாயம் ஏற்றப்படும். ஒரே இடத்தைப் பல சாயங்களில் ஒப்பிட உதவும் இந்த வரிசைதான் வேலையின் உயிர்நாடி.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மானிய மருத்துவர் ஃபிரான்ஸ் நிசல் உருவாக்கிய முறை இன்றும் அடித்தளமாக இருக்கிறது. கிரெசில் வயலெட் போன்ற சாயம் செல்லிலுள்ள ஆர்.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும். செல்லின் உடல் ஊதாவாகும். நீண்ட இழைகள் நிறம் ஏறாமல் நிற்கும். செல்கள் பெரியவையா சிறியவையா, நெருக்கமாக உள்ளனவா சிதறியுள்ளனவா என்பதை வைத்துப் பகுதி பிரிக்கலாம். கண்ணின் செய்தியை வாங்கும் ஜெனிகுலேட் திரளில் இந்தச் சாயம் அற்புதமாக வேலை செய்கிறது. ரீசஸ் குரங்கில் ஆறு அடுக்குகள் வளைந்து தெரியும்: கீழே பெரிய செல்களின் இரண்டு அடுக்குகள், மேலே சிறிய செல்களின் நான்கு. இதே குரங்கின் தலாமஸ் வரைபட நூலை ஜெர்சி ஓல்ஷெவ்ஸ்கி 1952இல் வெளியிட்டார்.

பிரைமேட்டுகளின் தலாமஸில் மிகப் பெரிய பகுதியான புல்வினாரில் நிசல் சாயம் தடுமாறுகிறது. அங்கே செல்கள் ஏறத்தாழ ஒரே சாயலில் இருப்பதே காரணம். அங்கு கைகொடுப்பவை செல்லின் வேதியியலைக் காட்டும் முறைகள். சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் நொதியைக் காட்டும் முறையில், ஓய்வின்றி உழைக்கும் பகுதி அடர்பழுப்பாகும். கால்பிண்டின், பார்வால்புமின் என்னும் கால்சியம் பிணைக்கும் புரதங்களை ஆன்டிபாடிகள் தேடிப் பிடிக்கும். புல்வினாரின் கீழ்ப்பகுதியில் சிறு மண்டலம் ஒன்றுண்டு. கால்பிண்டின் சீவலில் அது வெளிறித் தெரியும். பக்கத்துச் சீவலில் அதே இடம் நொதியால் கருத்திருக்கும். அசைவை உணரும் புறணிப் பகுதியோடு அந்த மண்டலத்துக்கு நெருங்கிய தொடர்புண்டு. நிசல் சாயத்தை மட்டும் நம்பியிருந்தால் அது கண்ணில் பட்டிருப்பது கடினம்.

ஒரே சாயம் காட்டும் கோட்டை உடனே எல்லையாகக் கொள்ளக் கூடாது. பல சாயங்களில் ஒரே இடத்தில் விழும் கோடே நம்பத்தக்கது. நரம்பிணைப்புகளும் அதற்கு ஒத்துவந்தால் ஐயம் குறையும். மனிதத் தலாமஸுக்கு இவ்வாறு பல சாயங்களைக் கொண்டு ஆன் மோரெல் குழுவினர் 1997இல் வரைபடம் வெளியிட்டனர். தலாமஸ் அறுவை சிகிச்சையில் இலக்கைக் குறிக்க அந்த வரைபடம் பயன்படுகிறது.