ஏரிக்குள் வந்த மலை

துளசி மாடத்தில் தண்ணீரைக் குடத்தோடு கவிழ்த்தால் என்ன ஆகும்? மண் குழிந்து, சேறு தெறித்து, வேர் வெளியே தெரியும். அதனால்தான் நீங்கள் கையை அணை கொடுத்து மெதுவாக விடுகிறீர்கள்.

மலைச் சரிவுக்கு அந்தக் கையாக இருப்பது புல். புல்லின் மேல் விழும் மழைத்துளி வேகம் தணிந்து, மெல்ல இறங்கி, மண்ணில் ஊறுகிறது. ஆடுமாடுகள் அந்தப் புல்லை ஒட்ட மேய்ந்துவிட்டாலோ, துளி நேரே மண்ணைக் குத்துகிறது. குளம்பு பட்டு இறுகிய தரையில் நீர் உள்ளே இறங்காமல் ஓடத் தொடங்குகிறது. முதலில் மேல்மண் ஏடு ஏடாகப் போகும். பிறகு விரல் அகலத்தில் கோடுகள் விழும். வருஷங்கள் போனால் அந்தக் கோடே ஆள் மறையும் பள்ளம்!

'எங்கோ மலையில் நடக்கிற விஷயம், நமக்கென்ன?' என்கிறீர்களா? சண்டிகர் நகரத்தைப் பாருங்கள். சிவாலிக் மலையடிவாரத்தில் உள்ள அந்த நகரத்துக்காக 1958-ஆம் வருஷம் ஓர் அழகான ஏரி அமைத்தார்கள். சுக்னா என்று பெயர். குழந்தை குட்டிகளுடன் காற்று வாங்க அருமையான இடம். ஆனால் 1970-களின் நடுவில் பார்த்தால், ஏரியில் பாதிக்கு மேல் வண்டல்! மலை மெல்ல மெல்ல ஏரிக்குள் வந்துவிட்டது.

மண் வந்த வழியைத் தேடிப் போனார், மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பி. ஆர். மிஸ்ரா. அந்த வழி, ஹரியானாவில் சுகோமாஜ்ரி என்ற சிற்றூருக்கு மேலே இருந்த மொட்டைச் சரிவுகளில் போய் முடிந்தது. ஊராரின் ஆடுமாடுகள் மேய்ந்த இடம் அது.

"இனி மேய்க்கக் கூடாது" என்று சொல்வது சுலபம். ஆனால் மழை பொய்த்தால் நிலம் கைவிடும், ஆடு கைவிடாது. ஆட்டை விற்றுவிட்டு அடுப்பில் எதை வைப்பது?

மிஸ்ரா ஊராருடன் உட்கார்ந்து பேசினார். 1976-ல் மலையடியில் ஒரு சிறிய மண் அணை எழுந்தது. மழைநீர் தேங்கியது, வயலுக்குப் பாய்ந்தது. ஆனால் பலன் வயல் உள்ள சிலருக்குத்தான். மற்றவர்கள், "தண்ணீர் அவர்களுக்கு, கஷ்டம் மட்டும் எங்களுக்கா?" என்று கேட்க மாட்டார்களா? நியாயந்தானே!

அதற்கு அவர்கள் கண்ட வழிதான் அதிசயம். அணைத் தண்ணீரில் வீட்டுக்கு ஒரு பங்கு. நிலம் இல்லாத வீட்டுக்கும் அதே பங்கு. வேண்டுமானால் அதை விற்றுக்கொள்ளலாம். பதிலுக்கு, மலையில் யாரும் மேய்ப்பதில்லை என்று ஊரே கட்டுப்பட்டது.

மலையில் புல் தழைத்தது. அதை அறுத்து வந்து தொழுவத்தில் போட்டார்கள். ஆடுகள் குறைந்தன, எருமைகள் பெருகின, வீட்டில் பால் பொங்கியது. அந்தச் சரிவிலிருந்து ஏரிக்கு வந்த மண்ணும் வெகுவாகக் குறைந்தது.

கம்பி வேலி போடவில்லை, காவற்காரன் வைக்கவில்லை. தனக்குப் பங்கு உள்ள பொருளை யாராவது பாழாக விடுவார்களா?