மாஸ்டர் கரண்டியும் எஸ் பென்னும்

கல்யாண ஆக்குப்புரையில் கோட்டையடுப்பு எரிய ஆரம்பித்தால் பேச்சு எடுபடாது. சமையல் மாஸ்டர் கரண்டியால்தான் பேசுவார். வட்டம் போட்டால் கிளறு, குறுக்கே வெட்டினால் இறக்கு. ஆனால் அதே கரண்டியால் அவர் சாம்பாரையும் துழாவுகிறார். எது சமையல், எது உத்தரவு என்று கையாளுக்கு எப்படித் தெரியும்? கரண்டியை மேலே தூக்கியதிலிருந்து கீழே இறக்கும்வரை நடப்பது மட்டுமே உத்தரவு. மற்றதெல்லாம் துழாவல்.

சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்9-உடன் வரும் எஸ் பென்னில் அப்படித் தூக்குவதற்குச் சமம், பக்கவாட்டில் இருக்கும் பொத்தான். அதை அழுத்தியபடி பேனாவை அசைத்துப் பிறகு பொத்தானை விட்டால், அழுத்தியதற்கும் விட்டதற்கும் இடையிலான அசைவை மட்டும் டேப்லெட் படிக்கும். இந்தக் காற்றுச் சைகை வசதிக்கு ஏர் ஆக்‌ஷன்ஸ் என்று பெயர். "ஏர் ஆக்‌ஷன்ஸ் சரியாக வேலை செய்யவில்லை" என்பவர்கள் பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பேனாவை வீசத் தொடங்கிய பிறகு பொத்தானை அழுத்துகிறார்கள். அல்லது வீச்சு முடியுமுன் விட்டுவிடுகிறார்கள். முதலில் அழுத்துங்கள், பிறகு அசையுங்கள், கடைசியில் விடுங்கள். தோளை வீச வேண்டாம், மணிக்கட்டு போதும்.

பேனாவுக்குள் இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் இருக்கின்றன. எழுதுவதற்கு பேட்டரியே தேவையில்லை. திரைக்கு அடியிலுள்ள கம்பிச்சுருள்கள் மெல்லிய மின்காந்தப் புலத்தை அனுப்புகின்றன. பேனாவிலுள்ள சுருள் அதிலிருந்தே சக்தி பெற்றுப் பதில் கொடுக்கிறது. அதனால் சார்ஜ் முழுக்கத் தீர்ந்தாலும் எழுத்து நிற்காது. கரண்டி சட்டிக்குள் இருக்கும்வரை மாஸ்டருக்குக் கையாள் தேவைப்படாதது போல. திரையை விட்டு எட்டிப்போய் சைகை காட்டும்போதுதான் முடுக்கத்தையும் சுழற்சியையும் அளக்கும் உணரிகளும், அந்தச் செய்தியைக் கொண்டுபோகும் ப்ளூடூத்தும் வேண்டும். இவற்றுக்கு மின்சாரம் வேண்டும். டேப்லெட்டின் பின்புறக் காந்தப் பட்டையில் பேனாவை ஒட்டிவைத்தால் சார்ஜ் ஏறிவிடும். எழுத்து ஓடுகிறது, சைகை மட்டும் ஓடவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அடுப்பு மாறினால் அதே சைகையின் பொருளும் மாறும். பாயச அடுப்பில் வட்டம் என்றால் கிளறு. பூரி அடுப்பில் திருப்பு. இங்கே அடுப்பின் இடத்தில் ஆப் இருக்கிறது. கேமராவில் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் படம் எடுக்கும்; பவர்பாயின்ட் காட்சியில் அதே அழுத்தம் அடுத்த ஸ்லைடைக் கொண்டுவரும், இருமுறை அழுத்தினால் முந்தைய ஸ்லைடு. வகுப்பின் கடைசி பெஞ்சு வரை நடந்துகொண்டே பாடம் நடத்தும் ஆசிரியருக்கு இந்த ஒரு வசதிக்காகவே பேனாவைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். அந்தந்த ஆப்பை உருவாக்கியவர்கள் இடம் கொடுத்திருந்தால்தான் இது நடக்கும்.

எந்தத் திரையிலும் செல்லுபடியாகும் பொதுச் சைகைகள் ஐந்து. அமைப்புகள், மேம்பட்ட அம்சங்கள், எஸ் பென், ஏர் ஆக்‌ஷன்ஸ் என்று உள்ளே போனால் அவை தெரியும். இடப்பக்கம் போய்த் திரும்பினால் பின்செல்லல், மேலே போய் இறங்கினால் முகப்பு என்று நிறுவனம் ஒரு பழக்கத்தை முன்கூட்டியே வைத்திருக்கிறது. ஒவ்வொன்றையும் தொட்டு நமக்கு வேண்டியதற்கு மாற்றிக்கொள்ளலாம். பொத்தானை நீண்ட நேரம் அழுத்தினால் எந்த ஆப் திறக்க வேண்டும் என்பதும் நம் விருப்பம். குறிப்பெடுப்பவர்கள் அதற்கு நோட்ஸ் ஆப்பை வைத்துக்கொள்வது நல்லது. ஐந்தையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். புதுக் கையாளிடம் ஐந்து சைகைகளை ஒரே காலையில் சொல்லிக்கொடுத்தால் பந்தி தாமதமாகும். அடிக்கடி தேவைப்படும் இரண்டைக் கை பழகட்டும். ஒன்றுக்கொன்று சாயல் உள்ள அசைவுகளில் ஒன்றை அணைத்தே வைக்கலாம்.

ஆப்பிள் வேறு வழி பிடித்தது. 2018-இல் வந்த இரண்டாம் தலைமுறை ஆப்பிள் பென்சிலில், பேனாத் தண்டின் முனைப் பக்கத்தை விரலால் இருமுறை தட்டினால் அழிப்பானுக்கு மாறும். 2024-இன் பென்சில் ப்ரோவில் தண்டைப் பிடித்து அழுத்துவதும் ஒரு கட்டளை. காற்றில் வீசும் வேலையே இல்லை. படம் வரைபவர்களுக்கு இதுதான் இயல்பு என்பது என் எண்ணம். கை தாளை விட்டு விலகுவதில்லை.

வாங்கப் போகிறவர்கள் மாடலைக் கட்டாயம் பாருங்கள். டேப் எஸ்6 லைட்டின் பேனா நன்றாக எழுதும், ஆனால் அதில் ப்ளூடூத் இல்லை. காற்றுச் சைகை எதுவும் அதில் எடுபடாது. 2025-இல் வந்த எஸ்25 அல்ட்ரா போனின் பேனாவிலும் சாம்சங் ப்ளூடூத்தை எடுத்துவிட்டது.