உங்களுக்குத் தெரியுமா? செம்பாறைச் சீமையில் முதல் நாள்

கோடை விடுமுறைக்குச் செம்பாறைப் பாலைவனம் பார்க்க சிலர் அமெரிக்காவின் அரிசோனாவுக்குப் போவார்கள். எங்கள் காணை ஊர்க்காரர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். காலையில் நாலு இட்லியைச் சாப்பிட்டுவிட்டு விழுப்புரம் வந்து பஸ் பிடித்தால், வெயில் உச்சிக்கு ஏறுமுன் வானூர் வட்டத்துத் திருவக்கரையில் இறங்கிவிடலாம். இறங்கிய முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டிய சில சேதிகள் இவை.

காலில் ஒட்டுவது துரு

பஸ்ஸை விட்டு இறங்கிப் பத்து நிமிஷம் நடந்தால் போதும், வேட்டிக் கரையும் பிள்ளைகளின் குதிகாலும் செங்காவி ஏறிவிடும். இந்த மண்ணிலும் மணற்கல்லிலும் இருக்கும் இரும்பு, காற்றும் நீரும் பட்டுத் துருப்பிடித்ததால் வந்த நிறம் இது. இந்தப் பாறை அடுக்குக்குக் ‘கடலூர் மணற்கல்’ என்று பெயர். அரிசோனா, யூட்டா பாறைகளைச் சிவக்க வைத்ததும் இதே இரும்புதான். வீட்டு ஜன்னல் கம்பியில் பிடிக்கிற துருவுக்கும் அந்த மலைகளின் அழகுக்கும் ஒரே காரணம்!

மரங்களும் வந்து சேர்ந்தவையே

திருவக்கரைக் கல்மரப் பூங்காவுக்குள் நுழைந்ததும், யாரோ அறுத்துப் போட்டுவிட்டு எடுக்க மறந்த அடிமரம் போல ஒன்று கிடக்கும். குனிந்து பார்த்தால் ஆண்டு வளையங்கள் தெரிகின்றன. கணுக்கள் தெரிகின்றன. கிளை முளைத்த இடத்தின் வடுகூடத் தெரிகிறது. உள்ளங்கையை வைத்தால்தான் அது கல் என்று புரியும். என்னோடு வந்த சிறுவன் தட்டிப் பார்த்தான், மோந்தும் பார்த்தான். பிறகு, “இது எப்போ செத்துச்சு?” என்று கேட்டான்.

சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பு.

ஆனால் இவை இங்கே வளர்ந்த மரங்கள் அல்ல என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். எல்லாம் படுத்தே கிடக்கின்றன. இலையும் இல்லை, கிளையும் இல்லை. எங்கோ வளர்ந்தவற்றைப் பெருவெள்ளம் பெயர்த்து உருட்டிக்கொண்டு வந்து மணலுக்குள் புதைத்திருக்கிறது என்கிறார்கள் புவியியலாளர்கள். புதைந்த மரத்துக்குள் சிலிக்கா கரைந்த நீர் ஊறி ஊறி, மரத்தின் ஒவ்வொரு நுண்ணறையிலும் கல்லை நிரப்பிவிட்டது. மரம் போனது, அதன் அச்சு நின்றது. இவற்றில் புளி, ஆமணக்குக் குடும்பங்களைச் சேர்ந்தவையும் உண்டு. நம் கொல்லையில் நிற்பவற்றின் பழைய உறவுக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதே புதையல், வேறு விதி

மண்ணுக்குள் போன மரமெல்லாம் கல்லாவதில்லை. தெற்கே நெய்வேலியில் புதைந்த தாவரங்கள் பழுப்பு நிலக்கரியாகிவிட்டன. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது அது வெளியே தெரியவந்தது.

காட்டுக்கோழிக்குப் பெயர் தந்தவர்

திருவக்கரைக் கல்மரங்களை 1781-இலேயே எழுதிவைத்தவர் சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர். நம் மலைக்காடுகளில் கூவும் சாம்பல்நிறக் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரில் இருப்பதும் இவர் பெயர்தான். இன்று பூங்காவைப் பராமரிப்பது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. அதன் பரப்பு சுமார் 247 ஏக்கர்.

ராத்திரி வந்து இறங்குகிறவர்கள்

ஊருக்குள் சந்திரமௌலீஸ்வரர் கோயிலும் வக்கிரகாளியம்மன் சந்நிதியும் இருக்கின்றன. சம்பந்தர் பாடிய தலம் இது. பௌர்ணமி இரவில் ஜோதி தரிசனத்துக்குக் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவார்கள். அவர்களில் பலர் கல்மரங்களைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். அதை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறாது. கோயிலுக்குக் கிழக்கே ஒரு கிலோமீட்டர் நடந்தால் போதுமே!

தமிழில் பாலை ஓர் இடம் அல்ல

குறிஞ்சியும் முல்லையும் மழையின்றி வறண்டு திரிந்தால் அதுவே பாலை என்கிறது சிலப்பதிகாரம். இதே வானூர் வட்டத்தின் செம்மேட்டைப் பார்த்தால் அது எவ்வளவு சரியான கணிப்பு என்று விளங்கும். காடு போனபின் மழை அடித்து அடித்து, மேடு முழுவதும் ஆளுயரத்துக்கும் ஆழமான செம்பள்ளங்களாகப் பிளந்தது. மழை நாளில் கடலோரமே சிவந்து போகும்.

1968 பிப்ரவரி 28 அன்று இந்தப் பொட்டல் மேட்டில்தான் ஆரோவில் என்ற பன்னாட்டு நகரம் தொடங்கப்பட்டது. 124 நாடுகளின் சார்பில் இளைஞர்கள் வந்து இறங்கினார்கள். அந்தந்த நாட்டு மண்ணில் ஒரு கைப்பிடியைத் தாமரை மொட்டு வடிவத் தாழியில் இட்டார்கள். பிறகு அங்கே தங்கியவர்களும் சுற்றுவட்டாரக் கிராமத்தாரும் செய்த முதல் வேலை கட்டடம் எழுப்புவது அல்ல. வரப்புப் போட்டார்கள், மழைநீரைத் தேக்கினார்கள், கன்று நட்டார்கள். பாலையாகத் திரிந்ததை மறுபடி காடாகத் திருப்பினார்கள். பள்ளங்கள் சில இன்னும் இருக்கின்றன, பக்கத்திலேயே நிழலும் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும்.

திரும்பி வரும் கற்கள்

அரிசோனாவிலும் ஒரு கல்மரக்காடு உண்டு. அது 20 கோடி ஆண்டுகளுக்கும் முந்தியது. 1906-இலிருந்து அரசின் பாதுகாப்பில் இருக்கிறது. அங்கே வந்த பயணிகள் சிலர் ஆசைக்கு ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். பிறகு மனசு உறுத்தவே, மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். எடுத்தது எந்த இடத்தில் என்று தெரியாமல் அதை மறுபடி காட்டுக்குள் வைக்க முடியாது, ஆராய்ச்சி குழம்பிவிடும். அதனால் வந்த கற்களையெல்லாம் ஒரு வழியோரத்தில் குவித்திருக்கிறார்கள்.

இந்தக் கதையைச் சொல்லி முடித்தபோது, என்னோடு வந்த சிறுவன் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் துண்டை எடுத்தான். எங்கே எடுத்தான் என்று அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இருவருமாகத் திரும்பி நடந்தோம்.